நூல் ரீல் எந்தப் பக்கம் உருளும்?

ஜூன் 24, திங்கள்

என் குரல் மூன்றாவது பெஞ்சுவரை போகிறது. அதற்குப் பின்னால் இருப்பவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பு அ பிரிவு, நாற்பத்தொரு மாணவிகள். இயற்பியலுக்கு நான் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நிரந்தர ஆசிரியர் வரும்வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்டிருக்கிற தற்காலிக ஆள்.

இன்று தலைமையாசிரியை வசந்தாமணி மேடம் வகுப்பு வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். மணி அடித்ததும் கூப்பிட்டார்.

"பேச்சியம்மாள்னு பேரை வெச்சுக்கிட்டு இப்படிப் பேசாம நின்னா எப்படீங்க டீச்சர்? பின்னாடி இருக்கற புள்ளைகளுக்கும் கேக்கோணுமல்லங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

"என்னங்க?" என்றார்.

ஜூன் 26, புதன்

குரல் போகாத இடத்துக்கு எழுத்து போகும் என்று தோன்றியது. காலையில் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு புதிர் எழுதினேன்.

"சுத்தியலின் பிடி கழன்று ஆடுகிறது. பிடியின் அடியைத் தரையில் ஓங்கித் தட்டினால் இரும்புத் தலை இறுகிக்கொள்கிறது. தட்டியது பிடியை. இரும்பு ஏன் இறங்கியது?"

பதிலை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் போடச் சொன்னேன். பதில் தவறானாலும் மதிப்பெண் குறையாது என்றேன். அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

நாற்பத்தொரு தாள் விழுந்தது. முப்பத்தாறில் "நிலைமம்" என்ற ஒரே சொல். கைடில் அப்படித்தான் இருக்கும். ஒரு தாளில் மட்டும் இப்படி:

"பிடி தரையில முட்டி நின்னுருச்சு. இரும்பு வந்துகிட்டே இருந்துச்சு. அதுகிட்ட நில்லுன்னு யாரும் சொல்லல."

ரூபிகா என்று பெயர். நான்காவது பெஞ்சு, ஜன்னல் ஓரம்.

ஜூன் 28, வெள்ளி

மதியச் சாப்பாட்டை ஆய்வகத்திலேயே வைத்துக்கொண்டேன். ஆசிரியர் அறையில் ஏழு நாற்காலி, ஏழு பேர். நான் போனால் யாராவது எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அது சங்கடம். ஆய்வகத்தில் ஜன்னல் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. எலுமிச்சை சாதம்.

வேதியியல் கிருஷ்ணவேணி மேடம் ஏதோ எடுக்க வந்தார். "ஏனுங்க டீச்சர், தராசுகூட உக்காந்து சாப்படறீங்களா? அது ஒண்ணும் பங்கு கேக்காது" என்று சிரித்தார். பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகு மூன்று பதில்கள் தோன்றின.

ஜூலை 3, புதன்

புதிர்: "ஜன்னல் எல்லாம் சாத்திய பேருந்து. டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். குழந்தை கையில் நூலில் நிற்கும் கேஸ் பலூன் எந்தப் பக்கம் சாயும்?"

நாற்பது பேர் முன்னால் என்றார்கள்.

ரூபிகா: "பின்னாடி. கோயில் நோம்பிக்குப் போயிட்டு வரும்போது மழைன்னு ஜன்னல் சாத்தியிருந்தாங்க, அப்பப் பாத்தேன். ஆளுங்க மாதிரிதான் காத்தும் முன்னாடி போய் நெருக்குது. பலூன் லேசு, அதுக்கு அங்க எடமில்ல."

பட்டப்படிப்பு மூன்று வருடமும் பி.எட். இரண்டு வருடமும் படித்த பிறகும் இதை நான் ஒரு புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பெண் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள்.

தாள்களை நான் தங்கியிருக்கும் அறைக்கு எடுத்து வந்தேன். திருத்துவதற்காகத்தான்.

ஜூலை 5, வெள்ளி

அம்மா போன் செய்தாள். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடும் இடத்தில் வேலை. கை கழுவிவிட்டுப் போன் எடுக்க மாலையாகிவிடும்.

"ஏட்டி, சோறு தின்னியா?"

"தின்னேன்மா."

"புள்ளைக சொன்ன பேச்சு கேக்குதா?"

"கேக்குதுமா."

"என்ன பாடம் நடத்துன?"

பேருந்தில் பலூன் பின்னால் போவதைச் சொன்னேன். "பஸ்ஸுல பாத்துப் போட்டி, பிரேக்கு போட்டா நல்லாப் பிடிச்சுக்க" என்றாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் மட்டும்தான். என்னுடன் பேசும்போது அம்மா எதையாவது தெரியாமல் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுகிறாள். அதனால் சோறு பற்றியே பேசுகிறோம்.

ஜூலை 8, திங்கள்

கரும்பலகைக்கு முன்னால் கூட்டம். நான் எழுதி முடிக்கும் முன்பே சண்டை பிடிக்கிறார்கள். இப்போது நான்காவது, ஐந்தாவது பெஞ்சுக்கும் என் குரல் கேட்கிறதோ, அவர்கள் அமைதியாக இருக்கிறார்களோ, தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

இன்று நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

ஆய்வக மேசை இழுப்பறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் நூல் ரீல் கிடைத்தது. இரண்டு பக்கமும் அகலமான வட்டத் தட்டு, நடுவில் வெள்ளை நூல் பாதிவரை சுற்றியிருந்தது. அதை வைத்துப் புதிர்:

"ரீல் சக்கரம் போல நிற்கிறது. நூல் நுனி அடிப்பக்கமாக உங்களை நோக்கி வருகிறது. நூலை இழுத்தால் ரீல் உங்களிடம் வருமா, விலகி ஓடுமா?"

முப்பத்தெட்டு பேர் ஓடும் என்றார்கள். நூல் அவிழ்கிற திசையில் உருளும் என்று எல்லோருக்கும் தோன்றும். அதில்தான் வேடிக்கை இருக்கிறது. ரீலை மேசையில் வைத்தேன், நூலை மேசையோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தேன். ரீல் சமத்தாக என்னை நோக்கி உருண்டு வந்தது. வரும்போதே நூலையும் சுற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பே "ஹோ" என்றது. கைதட்டினார்கள். எனக்காக யாரும் கைதட்டியதில்லை. பட்டமளிப்பு விழாவில்கூட எல்லாருக்கும் சேர்த்துக் கடைசியில் தட்டினார்கள்.

அப்போது ரூபிகா எழுந்தாள். "இல்லீங்க மிஸ். எங்க வீட்டுல அப்படி வராதுங்க. இழுத்தா ஓடிப்போயிருமுங்க."

"இப்பத்தானே பார்த்தே, வந்துச்சில்ல?"

"வந்துச்சுங்க. ஆனா எங்க வீட்டுல ஓடுமுங்க."

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ. "உங்க வீட்டுக்கு மட்டும் வேற பிசிக்ஸா?" என்றேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆ பிரிவில்கூட பாடம் நின்று, என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். ரூபிகாவும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். உட்கார்ந்தாள்.

நான் சொன்ன முதல் வேடிக்கை. கிருஷ்ணவேணி மேடம் தாழ்வாரத்தில் பார்த்து, "என்னங்க டீச்சர், இன்னைக்கு உங்க கிளாஸ்ல ஒரே கலகலப்பு!" என்றார்.

ஜூலை 11, வியாழன்

இன்றைய புதிருக்கு நாற்பத்தொரு தாள். ரூபிகாவின் தாளில் "விடை: உராய்வு." கைடில் இருப்பது அதுதான். சரியான விடை.

ஜூலை 12, வெள்ளி

பிள்ளைகள் ரூபிகாவுக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் "வேற பிசிக்ஸ், கொஞ்சம் தள்ளுடி" என்று சௌபர்ணிகா சொல்வது கேட்டது. விளையாட்டுதான். பதினாறு வயதில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கும்.

ஜூலை 15, திங்கள்

நாற்பது தாள். எண்ணியதில் தவறு இருக்கலாம் என்று மறுபடி எண்ணினேன். நாற்பதுதான்.

ஜூலை 18, வியாழன்

மதியம் ரூபிகா ஆய்வகத்துக்கு வந்தாள். கையில் கடிதம். இயற்பியல் உள்ள முதல் பிரிவிலிருந்து வணிகவியல் பிரிவுக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பம். அம்மா கையெழுத்து இருந்தது. பாட ஆசிரியர் கையெழுத்துக்கு ஒரு கோடு காலியாக இருந்தது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை பட்டியல் கணினியில் ஏறிவிடும். அதன்பின் இரண்டு வருடத்துக்கு யாரும் பிரிவு மாற முடியாது.

காரணம் என்ற இடத்தில் "இயற்பியல் புரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் டப்பாவை நகர்த்தி, வலது கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.

"தேங்க்ஸ்ங்க மிஸ்" என்றாள்.

வணிகவியலும் நல்ல படிப்பு. வங்கித் தேர்வு எழுதலாம். கம்பெனிகளில் கணக்குப் பார்க்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். திருப்பூர் இருபது கிலோமீட்டர்தான். பிள்ளைகளின் விருப்பத்தில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது.

இன்று புதிர் எழுதவில்லை. சுண்ணாம்புக்கட்டி ஈரமாக இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். பதினோரு மணிக்கு ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தேன். வெள்ளை நூல் வேண்டியிருந்தது. ஆய்வக ரீல் பத்தாம் தேதியிலிருந்து என் கைப்பையில்தான் இருக்கிறது. இழுப்பறைக்குப் பூட்டு இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கும்போது ரீல் மடியிலிருந்து விழுந்து உருண்டு, எனக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் நின்றது. எழுந்திருக்கச் சோம்பல். நூல் கையில் இருக்கிறதே, இழுத்தால் வந்துவிடும் என்று இழுத்தேன்.

ரீல் என்னைவிட்டு விலகிக் கதவுப் பக்கம் ஓடியது.

தரை சரிவாக இருக்கும் என்று நினைத்தேன். ரீலை எடுத்துவந்து எதிர்ப்பக்கம் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தேன். இப்போது சமையல் மேடைப் பக்கம் ஓடியது. நூல் அடிப்பக்கமாகத்தான் வருகிறது, சரிபார்த்தேன். அன்று வகுப்பில் இருந்த அதே ரீல், அதே நூல்.

தரையில் உட்கார்ந்தேன். கையைத் தரையோடு வைத்து இழுத்தேன். வந்தது. கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். வந்தது. இன்னும் உயர்த்தினேன். ஒரு சாய்வில் வரவும் இல்லை, போகவும் இல்லை. இழுக்க இழுக்க நின்ற இடத்திலேயே வழுக்கியது. அதற்கும் மேலே கையைத் தூக்கினால் ஓடிப்போனது. பதினான்கு முறை செய்தேன்.

பிறகு தாளில் வரைந்தேன். நூல் போகும் கோட்டைக் கீழ்ப்பக்கம் தரைவரை நீட்ட வேண்டும். அந்தக் கோடு, ரீல் தரையைத் தொடும் புள்ளிக்கு அந்தப் பக்கம் தரையில் விழுந்தால் ரீல் நம்மிடம் வரும். நம் பக்கம் விழுந்தால் ஓடிப்போகும். அந்தப் புள்ளியிலேயே விழுந்தால் இரண்டும் இல்லை. ஒரு அளவுகோலும் பென்சிலும் போதும். அன்று நான் மேசையோடு ஒட்டி இழுத்தேன், வந்தது. ரூபிகாவின் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், வீட்டிலும் தையல் மெஷின் இருக்கிறது என்று சுத்தியல் புதிரின்போதோ எப்போதோ ஒரு தாளில் எழுதியிருந்தாள். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது ரீல் கீழே விழும். மேலே இருந்து செங்குத்தாக இழுப்பார்கள். ஓடிப்போகத்தான் செய்யும்.

அவள் என்னிடம் வேறு எதையும் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். எப்படி இழுப்பாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வி.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "உங்க ஊருக்குக் கரண்டு வந்துருச்சா?" என்றார் பாடம் நடத்தியவர். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

கொக்கி இன்னும் தைக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

சொல்லவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

புதிர் எங்கே என்று சௌபர்ணிகா கேட்டாள். பாடம் பின்தங்கியிருக்கிறது என்றேன். இரண்டாம் விதிக்கு ஆறு கணக்கு போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் அமைதியாக எழுதினார்கள். ஜன்னல் ஓரத்து இடத்தில் இப்போது புத்தகப் பைகளை வைக்கிறார்கள்.

ஜூலை 24, புதன்

மூன்றாவது பீரியடு எனக்கு ஓய்வு. மாடிக்கு, வணிகவியல் வகுப்புக்குப் போனேன். வாசலில் நின்றேன். ரூபிகா கடைசி பெஞ்சில் இருந்தாள். குனிந்து ஸ்கேல் வைத்துப் பேரேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர் என்னைப் பார்த்து, "சாக்பீஸ் வேணுங்களா டீச்சர்?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

இரண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, ஒரு புள்ளகிட்டத் தப்பா நடந்துட்டேன்."

"அடிச்சிட்டியா?"

"இல்லம்மா."

"வஞ்சிட்டியா?"

"இல்ல. எல்லாரும் சிரிக்கிற மாரி ஒண்ணு சொல்லிட்டேன்."

"சிரிச்சதுக்கா இம்புட்டு வெசனப்படுத? புள்ளைகன்னா சிரிக்கத்தான் செய்யும். நீ சோறு தின்னியா?"

"தின்னேன்."

தின்னவில்லை. போனை வைத்த பிறகு, முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை வேலை நாள் என்று பார்த்தேன். நாளை சனி, மறுநாள் ஞாயிறு. மூன்று நாள்தான்.

ஜூலை 29, திங்கள்

முதல் பீரியடு. வருகைப் பதிவு எடுத்தேன். நாற்பது பேர். பிறகு ரீலைத் தரையில் வைத்தேன். மேசையை ஓரமாகத் தள்ளச் சொன்னேன்.

"அன்னைக்கு மேசை மேல இழுத்தேன். இப்ப நின்னுக்கிட்டு இழுக்கிறேன். எந்தப் பக்கம் போகும்?"

"உங்ககிட்ட வருமுங்க மிஸ்!" என்று கத்தினார்கள். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இழுத்தேன். ரீல் பின் சுவருக்கு ஓடியது. யாரும் கைதட்டவில்லை. முதலில் ரீலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சௌபர்ணிகாதான் கேட்டாள். "அப்ப ரூபிகா சொன்னது சரிங்களா மிஸ்?"

"சரி."

"நீங்க சொன்னது?"

"மேசையில சரி. ஆனா அவ சொன்னதைத் தப்புன்னு சொன்னேனே, அது தப்பு."

சொல்லிவிட்டேன். படம் வரைந்து விளக்கினேன். மணி அடித்ததும் நாளைக் காலையே தலைமையாசிரியையைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இன்று தைரியம் அவ்வளவுதான் இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

தலைமையாசிரியை அறை. நான் அங்கே உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

"ரூபிகாவைத் திரும்ப முதல் பிரிவுக்கு மாத்தணும் மேடம்."

"ஏனுங்க, ஒங்க கையெழுத்து இருக்குதுங்களே இதுல?"

நடந்ததைச் சொன்னேன். என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை, அவர் ஒரு முறைகூட "என்னங்க?" என்று கேட்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டியல் நாளைக்குச் சாயங்காலம் ஏறுதுங்க. அதுக்குள்ள அந்தப் புள்ளையும் அவங்கம்மாவும் கையெழுத்துப் போட்டு நாலு மணிக்குள்ள குடுத்தா மாத்திக்கலாம். நீங்களும் ஒரு கடிதம் குடுக்கோணும். 'மாணவியின் விருப்பம்'னு ஒரு வரி எழுதுங்க, போதும்."

"நடந்ததை எழுதறேன் மேடம்."

"டீச்சர், நாஞ் சொல்றதக் கேளுங்க. அது ஃபைல்ல நிக்கும். உங்க வேலைய நீட்டிக்கறதா வேண்டாமான்னு கமிட்டி உக்காரும்போது அதைத்தான் மொதல்ல எடுத்துப் படிப்பாங்க. நானே நெனச்சாலும் மறைக்க முடியாதுங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் முதல் கடிதத்தில் "இயற்பியல் புரியவில்லை" என்று அவள் கையால் ஒரு பொய் இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது கடிதத்திலும் ஒரு பொய்யை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படி எழுதினேன்:

"ஜூலை பத்தாம் தேதி வகுப்பில் மாணவி ரூபிகா சொன்ன சரியான கருத்தை நான் தவறு என்று கூறி, மற்ற மாணவிகள் சிரிக்கும்படி பேசினேன். பதினெட்டாம் தேதி அவர் பிரிவு மாற்றம் கேட்டபோது காரணம் விசாரிக்காமல் கையெழுத்திட்டேன். அவருக்கு இயற்பியல் நன்றாகப் புரியும்."

மேடம் படித்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

ஜூலை 31, புதன்

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு, முதல் பிரிவுக்கே திரும்புவதற்கான விண்ணப்பத் தாளோடு ரூபிகாவின் வீட்டுக்குப் போனேன். முகவரி வருகைப் பதிவேட்டில் இருந்தது. வரிசை வீடுகளில் நான்காவது. அவளுடைய அம்மா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பெனி வண்டிக்காக வாசலில் நின்றிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"வாங்க டீச்சர். இவ என்ன பண்ணிப்போட்டா?"

"அவ ஒண்ணும் பண்ணலைங்க. நான்தான்."

உள்ளே ரூபிகா தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றாள். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். உட்கார்ந்து சொல்லியிருந்தால் வேறு எதையாவது பேசியிருப்பேன்.

"ரூபிகா, ரீல் ஓடும்னு நீ சொன்னது சரி. நான் வீட்டுல பார்த்தேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மிஸ்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்களே." பின்னிக்கொண்டே, "எப்படி இழுப்பேன்னு நீங்க கேக்கலீங்க" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், நான் செஞ்சதுதான் தப்புன்னு."

"சௌபி சொன்னாளுங்க." பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டாள். "சிரிச்சப்ப நான் இருந்தேனுங்க. நீங்க தப்புன்னு சொன்னப்ப நான் இல்லீங்களே மிஸ்."

நான் அதை யோசிக்கவே இல்லை. அவள் இல்லாத வகுப்பில் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. அதனால்தான் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேனோ என்னவோ. அவளை முதலில் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க முடியும்.

"அங்க எப்படி இருக்கு, வணிகவியல்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல." பிறகு, "யாரும் ஒண்ணும் கேக்கறதும் இல்லீங்க" என்றாள்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. அவளுடைய அம்மா, "டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியல. வண்டி வந்துருச்சு. கையெழுத்து வேணும்ங்கறீங்களா, வேண்டாங்கறீங்களா? சட்டுனு சொல்லுங்க" என்றார்.

நான் ரூபிகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, மெஷின் பலகை மேல் வைத்து, அம்மாவுக்கு இடத்தைக் காட்டினாள். அம்மா போட்டுவிட்டு ஓடினார். ரூபிகா போடவில்லை. தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் இருக்கறப்ப சொல்லுங்க மிஸ். அப்பறம் போடறேன்."

அ பிரிவில் எனக்குக் கடைசிப் பீரியடுக்கு முந்தியது, மூன்று மணிக்கு முடியும். மதியம் சாப்பிட முடியவில்லை. மாடிக்குப் போய், இந்த முறை, "சாக்பீஸ் இல்லைங்க, ரூபிகா வேணும்" என்று கேட்டேன்.

அவள் அ பிரிவுக்குள் வந்ததும் ஜன்னல் ஓரத்துப் பைகளை யாரோ அவசரமாக எடுத்தார்கள். அவள் உட்காரவில்லை, வாசல் பக்கத்திலேயே நின்றாள். அப்படியே போய்விடலாம் என்பதுபோல.

நான் எழுதி வைத்து மனப்பாடம் செய்த வாக்கியங்கள் மூன்று இருந்தன. ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"பத்தாம் தேதி ரூபிகா ஒண்ணு சொன்னா. அது உண்மை. நான் அதைக் கேட்கல. நீங்க எனக்குக் கைதட்டினீங்க, அந்தச் சந்தோஷத்துல அவளை வச்சு உங்களைச் சிரிக்க வச்சேன். அந்தப் பட்டப்பேரை உண்டாக்கினது நான். அதை இனிமே யாரும் சொல்லாதீங்க. ரூபிகா, என்னை மன்னிச்சிரு."

சௌபர்ணிகா தலை குனிந்துகொண்டாள். ரூபிகா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நான் தரையில் வைத்திருந்த ரீலைப் பார்த்தாள். பையைக் கழற்றி முதல் பெஞ்சில் வைத்தாள். கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மணி இரண்டு நாற்பது.

கடிதத்தை என்னிடம் நீட்டியவள், விடாமல் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "மிஸ், மேசையில வருது, நின்னுக்கிட்டு இழுத்தா ஓடுது. நடுவால ஒரு சாய்வு இருக்குதுங்களா, ரெண்டும் இல்லாம?"

"இருக்கு."

"நூல் தீரத் தீர அந்தச் சாய்வு மாறுமுங்களா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. பதினான்கு முறையும் அதே பாதி நூலோடுதான் செய்தேன். தெரிந்ததுபோல ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மணி அடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது.

"நீ என்ன நினைக்கிற?" என்றேன்.

"நூல் நெறைய இருந்தா சீக்கிரமே ஓடிரும்னு தோணுதுங்க. ஆனா அவுத்துப் பாத்தாத்தான் தெரியுமுங்க."

அவிழ்த்தோம். நூல் நுனியைப் பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றிக்கொண்டு போனார்கள். ரூபிகா தரையில் மண்டிபோட்டு ரீலைப் பிடித்திருந்தாள். யாரோ கோணமானி கொண்டுவந்தார்கள். யாரோ நூலில் சிக்கிக்கொண்டு கத்தினார்கள். நடுவில் நான் தலைமையாசிரியை அறைக்கு ஓடிப்போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இரண்டு கையெழுத்தையும் பார்த்து, என் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி, ஃபைலில் போட்டார். "நாலு மணிக்குள்ள வந்துருச்சு" என்றார். கமிட்டி செப்டம்பரில் உட்காரும்.

நான் திரும்பி வந்தபோது மணி அடித்து, கிருஷ்ணவேணி மேடம் வேதியியல் புத்தகத்தோடு வாசலில் நின்றிருந்தார். வகுப்பு முழுக்க வெள்ளை நூல்.

"என்னங்க டீச்சர் இது, கிளாஸா, பனியன் கம்பெனியா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்" என்றேன். "ரூபிகா ஒண்ணு கேட்டிருக்கா. எனக்கும் பதில் தெரியல."